புரட்டாசி முதல் கார்த்திகை வரை: கேமரன் மலைக் காய்கறி வாங்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள், கேட்டரிங் எடுக்கிறவர்கள், கோயில் அன்னதானக் குழுக்கள், தேக்காவில் காய்கறியும் பூவும் விற்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி பிறந்ததிலிருந்து கார்த்திகை தீபம் முடியும்வரை கேமரன் மலைக் காய்கறிக்கு நீங்கள் கொடுக்கும் ஆர்டரைக் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் நிறுத்தினால் எங்கள் ஊரில் அடுப்பு எரியாது. ஆனால் இப்போது வாங்குகிற மாதிரியே வாங்கிக்கொண்டிருந்தால் அந்த ஊர் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படி மாற்றுவது, ஏன் மாற்ற வேண்டும் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில், கேமரன் மலையின் ரிங்லெட்டில் பிறந்தவன். தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், சித்தப்பா பெர்த்தாம் வேலியில் காய்கறி போடுகிறார், மச்சான் லாரி ஓட்டுகிறார். நான் இங்கே ஒரு கேட்டரிங் சமையலறையில் சரக்கு இறக்கிக் கணக்குப் பார்க்கிறேன். முட்டைகோஸ் கிளம்புகிற இடத்தையும் பார்த்திருக்கிறேன், அது பொரியலாகிப் போகிற இடத்தையும் தினமும் பார்க்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, காய்கறி என்று பார்த்தால் மலேசியாதான் முன்னால் நிற்கிறது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்காவது ஒரு தேதி சொன்னார்கள், முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. மலைக் காய்கறி நிற்கும்போது அப்படி யாரும் அறிவிக்க மாட்டார்கள். ராத்திரி மண் இறங்கும், பாதை மூடும், காலையில் உங்கள் கடைக்கு லாரி வராது, அவ்வளவுதான்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: கேமரன் மலை பாகாங் மாநிலத்தில் இருக்கிறது, ஆனால் பழைய பாதை பேராக்கில் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ரிங்லெட்டுக்கு ஏறுகிறது, அடுத்தது ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வருகிறது. சுங்கை கோயான் வழியாக பாகாங் உள்பக்கமாகவும் இறங்கலாம். எந்தப் பாதையில் போனாலும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். சுற்றுலாப் பயணிகள் தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் பார்த்துவிட்டு ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். காய்கறி வருவது பெரும்பாலும் நீங்கள் நிறுத்திப் படம் எடுக்காத இடங்களிலிருந்து: பெர்த்தாம் வேலி, கோலா தெர்லா, திரிங்காப், கம்போங் ராஜா, புளூ வேலி. அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க ஓட்டித்தான் மச்சான் மாதிரி ஆட்கள் விடியலுக்கு முன் சோதனைச்சாவடியைத் தாண்டுகிறார்கள்.

சரி, மாதத்துக்கு வருவோம். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் பெரியவர்கள் தமிழ்நாட்டு மழையைப் பார்த்துச் சொன்னார்கள். கேமரனுக்கும் அது அப்படியே பொருந்திப்போகிறது. அங்கே வருடத்தில் இரண்டு தடவை மழை உச்சத்துக்குப் போகும், ஏப்ரல் மே ஒன்று, அக்டோபர் நவம்பர் ஒன்று. இரண்டாவதுதான் கடுமை. இப்போது நம் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது, சைவச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும். அது முடிந்ததும் தீபாவளி, அதன் பின்னாலேயே கந்த சஷ்டி, அப்புறம் கார்த்திகை, ஐயப்ப பக்தர்களின் மாலை, பூஜை, அன்னதானம். நம்மிடமிருந்து போகும் காய்கறி ஆர்டர் வருடத்திலேயே அதிகமாக இருக்கும் மூன்று மாதமும், அந்த மலை வருடத்திலேயே அதிகமாக நனைந்து கிடக்கும் மூன்று மாதமும் ஒன்று.

2013 அக்டோபர் 23. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 2ஆம் தேதி, இன்னும் பத்தே நாள். விடாத மழையில் ரிங்லெட் ஏரி நிரம்பி, நடுராத்திரிக்கு மேல் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கீழே பெர்த்தாம் வேலியில் ஆற்றை ஒட்டியிருந்த வீடுகளுக்குள் சேறும் தண்ணீருமாகப் புகுந்தது, கார்கள் மிதந்தன, உயிர்கள் போயின. ஒரு வருடம் கழித்து 2014 நவம்பர் 5, தீபாவளி முடிந்து இரண்டே வாரம், மறுபடியும் அதே பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம், மண்சரிவு, மறுபடியும் சாவு. எங்கள் ஊரில் அந்த இரண்டு தீபாவளியும் எப்படிப் போயிருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆபத்து அந்த மாதங்களில் மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை. 2011 ஆகஸ்டில் பிரிஞ்சாங் அருகே சுங்கை ருயிலில் ஒராங் அஸ்லி பூர்வகுடி கிராமத்தின் மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 26 விடியுமுன் புளூ வேலியில் ஐந்து மியன்மார்த் தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் இறந்தது இங்கேயும் பெரிய செய்தியாக வந்தது, அது கெந்திங் போகிற வழி, கேமரன் இல்லை, ஆனாலும் அதே தித்திவாங்சா மலைத்தொடர்தான். முகாமில் இறந்தவர்களுக்கு இங்கே எத்தனையோ பேர் வருந்தி எழுதினார்கள். புளூ வேலியில் இறந்த ஐந்து பேரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை, அவர்கள் இருந்த பக்கத்துத் தோட்டங்களிலிருந்துதான் நாம் சாப்பிடுகிற காய்கறியும் வருகிறது.

மலை ஏன் இறங்குகிறது என்பதற்கு இயற்கை பாதிக் காரணம்தான். கருங்கல் பாறை உளுத்து உண்டான சிவப்பு மண், மேலே பெரிய மரங்களின் வேர் இருக்கும்வரை அது நிற்கும். காட்டை வழித்துவிட்டுப் படிக்கட்டு மாதிரி வெட்டினால் முதல் மழையிலேயே ஓடையில் இறங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் இப்போது எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் கூரை. தக்காளி, சலாட், குடைமிளகாய், செவ்வந்தி எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான். (செவ்வந்திக்கு ராத்திரியில் விளக்குப் போட்டுவிடுவார்கள், தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும்.) கூரையில் விழுகிற மழை மண்ணுக்குள் ஊறுவதற்கு வழியே இல்லை, அப்படியே வழிந்து சரிவில் பாய்கிறது. கூரை போட்டவர் ஒழுங்காக வாய்க்கால் வெட்டி, மண் தங்குவதற்குக் குழி எடுத்திருந்தால் பிரச்சினை பாதி குறையும். எடுக்காதவர்கள் நிறைய. அந்த மண் முழுக்க ஆற்றில் சேர்ந்து ரிங்லெட் ஏரியில் போய் உட்காருகிறது. 1960களில் கட்டிய அணை அது, மின்சார வாரியம் வருடக்கணக்காக அதிலிருந்து சேற்றை அள்ளிக்கொண்டே இருக்கிறது, மேலிருந்து சேறு வந்துகொண்டே இருக்கிறது. ஏரியில் சேறு ஏற ஏறத் தண்ணீர் நிற்க இடம் குறையும், இடம் குறைந்தால் பெருமழைக்கு அணையைச் சீக்கிரம் திறக்க வேண்டிவரும், திறந்தால் கீழே பெர்த்தாம் வேலி. மேலே ஒருவர் வெட்டிய சரிவுக்குக் கீழே வேறொருவர் விலை கொடுக்கிறார்.

இதில் நாங்கள் எங்கே வந்தோம், மலையை வெட்டச் சொன்னது நாங்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெட்டியது எங்கள் ஊர் ஆட்கள்தான், பார்த்தும் பாராமல் இருந்த அதிகாரிகள் உண்டு, அனுமதி இல்லாத நிலத்தில் ராவோடு ராவாக மண்வெட்டும் பேக்கோ இயந்திரத்தை ஏற்றிய தவுக்கேமார், அதாவது முதலாளிமார், உண்டு. 2014 வெள்ளத்துக்குப் பிறகு அதிரடி நடவடிக்கை எடுத்தார்கள், தோட்டங்களை இடித்தார்கள், கொஞ்ச நாள் அடங்கியிருந்து மறுபடியும் வேறு சரிவில் முளைத்தது. அந்தக் கணக்கை மலேசியாவில் தீர்க்கட்டும், அது உங்கள் தலையில் இல்லை.

உங்கள் பக்கம் வருகிற கணக்கு வேறு. சமையலறையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு கடையிலிருந்து மாமூலைப் போல மூன்று மடங்கு முட்டைகோஸ் கேட்டுச் செய்தி போகும். போகிற இடத்தில் இல்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த வாரம் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். மழையில் நனைந்துகொண்டே அறுக்கச் சொல்வார்கள். தாப்பா பாதையில் மண் விழுந்து லாரி நான்கு மணி நேரம் தாமதமாக வந்தால் பில்லில் வெட்டுவார்கள், எடை குறைந்தால் அதற்கும் வெட்டு. அந்த வெட்டு முதலில் லாரிக்காரரிடம், அப்புறம் மலையில் தரகரிடம், அங்கிருந்து சித்தப்பா மாதிரி ஆளிடம், கடைசியில் சரிவுக்குக் கீழே கொங்சியில், அதாவது தொழிலாளர் கொட்டகையில், படுத்திருக்கும் நேப்பாளி, பங்களாதேஷி, மியன்மார்ப் பையன்களிடம் போய் முடியும். வெள்ள எச்சரிக்கைச் சைரன் ஊதினாலும் ஊதாவிட்டாலும் அவர்கள் காலையில் ஐந்து மணிக்குப் பெட்டி அடுக்க வேண்டும். மழை பலத்தால் ராத்திரி வேறு இடத்தில் போய்ப் படு என்று சொல்ல முதலாளிக்கும் மனமிருக்கும், ஆனால் மறுநாள் லாரி நிற்காது.

இன்னொன்றும் நடக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முட்டைகோஸ் நட்டால் அறுக்க இரண்டரை, மூன்று மாதம் ஆகும். தீபாவளி நெருக்கத்தில் விலை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு கேட்பார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அதனால் மழை குறைந்த ஜூன், ஜூலையில் சூதாட்டம் மாதிரி புதுச் சரிவு வெட்டுகிறார்கள். இருக்கிற நிலத்தில் எவ்வளவு விளையும் என்று திட்டம் போட வழியில்லாதவன், கூடுதலாகக் கொஞ்சம் வெட்டி வைப்போம், விற்றால் லாபம் என்றுதான் யோசிப்பான். ஐப்பசி மழை வரும்போது அந்தப் புதுச் சரிவில் புல்கூடப் பிடித்திருக்காது. அதுதான் முதலில் இறங்கும்.

ஒழுங்காகச் செய்கிறவருக்கோ இரட்டைத் தண்டனை. சித்தப்பாவின் நிலம் டி.ஓ.எல். நிலம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம். அடுத்த வருடம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் கல்லடுக்கி, வாய்க்காலுக்குச் சிமெண்ட் போட்டு, மண்குழியை மாதாமாதம் தூர்வாரி யார் செலவு செய்வார்? அவர் செய்கிறார், பிடிவாதக்காரர். வாய்க்காலுக்கும் ஓரத்துப் புல்லுக்கும் விட்டது போக நடுகிற இடம் குறைவு, அதனால் அவர் காய்க்குக் கிலோவுக்குச் சில காசு கூடுதல் ஆகிறது. அந்தச் சில காசுக்காக அவரைத் தள்ளிவிட்டுப் பக்கத்துச் சரிவை வழித்தெடுத்தவரிடம் வாங்குகிறார்கள். இரண்டு காயும் ஒரே மாதிரிப் பெட்டியில், ஒரே லாரியில், ஒரே பெயரில் வருகிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பு பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறது, அதனால் மருந்து விஷயத்தில் மலையில் எல்லோரும் ஓரளவு கவனமாக இருக்கிறார்கள். வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் திருந்துவார் என்பதற்கு அதுவே சாட்சி. சரிவு எப்படி இருக்கிறது என்று இங்குள்ள அதிகாரி சோதிக்க முடியாது. வாங்குகிற நீங்கள் கேட்கலாம்.

என்ன கேட்பது? முதலில், ஆடி முடிவதற்குள் தீபாவளிக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். உங்கள் போன வருடப் பில் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, கல்யாண மண்டபத்தை ஆறு மாதத்துக்கு முன்னால் பதிவு செய்கிற நமக்கு முட்டைகோசை மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்வது பெரிய வேலையா? சொல்லும்போது, எந்தப் பள்ளத்தாக்கு, யார் தோட்டம், உரிமம் இருக்கிறதா, நல்ல விவசாய முறைக்கு மலேசியா தரும் மைகேப் சான்றிதழ் வாங்கியிருக்கிறாரா என்று தரகரிடம் கேளுங்கள். முதல் தடவை அவர் சிரிப்பார். பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் சிரிக்க மாட்டார். வாய்க்காலும் மண்குழியும் எடுத்த தோட்டத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. பேரங்காடிகளுக்குப் போடுகிறவர்கள் மலேசியா என்று மட்டும் ஒட்டாமல் பள்ளத்தாக்கின் பெயரையும் பொட்டலத்தில் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் அது சிறு கடைக்காரர் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பாதை மூடியதால் லாரி தாமதமானால் பில்லில் கை வைக்காதீர்கள். இது ஒன்றை மட்டும் செய்தாலே போதும் என்றுகூட எனக்குச் சில நேரம் தோன்றும். மண்சரிவு நடந்த பாதையில், மழை நிற்காமல், இருட்டில், வெட்டு விழுமே என்ற பயத்தில் லாரியை இறக்குகிற டிரைவருக்குக் குடும்பம் இருக்கிறது. எங்கள் அக்காவுக்கு அந்த மூன்று மாதமும் சரியான தூக்கம் கிடையாது.

அப்புறம் சாப்பாட்டுப் பட்டியல். இங்கேதான் சமையல் மாஸ்டர்கள் என்மேல் பாயப்போகிறீர்கள். வாழையிலையில் முட்டைகோஸ் பொரியல் இல்லாமல் எப்படி என்று. ஏன் முடியாது? பயற்றங்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி, புடலை, பாகற்காய் எல்லாம் சூட்டில் விளைகிற காய், மலை தேவையில்லை, ஜொகூர் சமவெளியிலேயே விளைந்து இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்து சேரும். பழைய முறைக் கோயில் மடப்பள்ளிகளில் முட்டைகோசும் தக்காளியும் நுழையவே விடமாட்டார்கள், சிரார்த்தச் சமையலிலும் அப்படித்தான். அவர்கள் சமைத்தது ருசியாக இல்லை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அன்னதானக் குழுக்களுக்கு இதைவிடச் சுலபமான மாற்றம் கிடையாது, பூசணிக்கூட்டு வைத்தால் பக்தர்கள் எழுந்து போய்விட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலைக்காயைப் பாதியாகக் குறைத்தால்கூட அறுப்பில் நெருக்கடி தணியும். குறைக்கிற அந்தப் பாதிக்கு மழை ஓய்ந்த பிப்ரவரியில் வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்களுக்கும் வருமானம் வருடம் முழுக்கப் பரவினால் நல்லதுதான்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னைத் தப்பிக்கிறான் என்பீர்கள். ஆமாம், ஒழுங்கான தோட்டத்துக் காய் கொஞ்சம் விலை கூடும். எங்கள் சமையலறைக் கணக்கில் ஒரு கிலோ முட்டைகோஸ் ஏறக்குறைய பன்னிரண்டு இலைக்குப் போகும். கிலோவுக்கு 50 காசு ஏறினால் இலைக்கு நான்கு காசு சொச்சம். வாடகை ஏறியதையும் ஆள் கிடைக்காமல் சம்பளம் ஏறியதையும் தாங்கிக்கொண்ட கடைகள் இவை, நான்கு காசு உங்களைச் சாய்த்துவிடாது. வாடிக்கையாளரிடம் சொல்லித்தான் ஏற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள். நம் ஆட்கள் காரணம் சொன்னால் கேட்பார்கள்.

பூக்கடைக்காரர்களே, செவ்வந்திக்கும் இதே கதைதான், விளக்குப் போட்ட அந்தக் கூரைகளும் சரிவின் மேல்தான் நிற்கின்றன. தனியாக எழுதினால் மடல் இன்னும் நீளும்.

உங்களில் நிறைய பேர் ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு கேமரனுக்குப் போகிறவர்கள். போங்கள், சந்தோஷம். ஆனால் கடைக்காரர்கள் நான்கைந்து பேராவது ஒரு தடவை நவம்பரில் வாருங்கள், நான் கூட்டிப்போகிறேன். மழைக்கோட்டும் ரப்பர் காலணியும் எடுத்து வாருங்கள், தங்குவதற்கு ஆற்றோரமாக இல்லாத இடமாகப் பார்த்துத் தருகிறேன். அணைக்குக் கீழே பெர்த்தாம் ஆற்றின் நிறத்தைப் பார்க்கலாம், வாய்க்கால் வெட்டிய தோட்டத்தையும் வெட்டாத தோட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிறேன், அதற்கு அதிக தூரம் நடக்க வேண்டாம். திரும்பும்போது விருப்பமுள்ள ஒருவர் மச்சானோடு லாரியில் முன்னால் உட்கார்ந்து வரலாம். மாலை ஆறு மணிக்குக் கிளம்புவார், பாதை திறந்திருந்தால்.